காளேஸ்வரம் (தெலங்கானா–மகாராஷ்டிர எல்லை): எந்த மாதம் போவது, எங்கே குளிப்பது, தீர்த்த சிராத்தம், சாலை

#1 வேம்பங்கரை

வணக்கம். கோதாவரியும் பிராணஹிதாவும் கூடும் காளேஸ்வரத்தில் அப்பாவின் அஸ்தியைக் கரைத்து, முடிந்தால் தீர்த்த சிராத்தமும் செய்துவிட்டு வர எண்ணம். சென்னையிலிருந்து நான்கு பேர். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. பிப்ரவரி அல்லது ஜூலையில்தான் எங்களுக்கு விடுமுறை தோதுப்படும். இணையத்தில் கிடைக்கும் படங்களில் படித்துறையின் கடைசிப் படி வரை தண்ணீர் நிற்கிறது. சிலர் அரை கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும் என்கிறார்கள். எது சரி? ரயிலா, காரா? ஆற்றுக்கு அக்கரையில் சிரோஞ்சா பக்கமும் போகலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நீர்மட்டம்

இரண்டுமே சரிதான். படம் எடுத்த வருஷம்தான் வேறு.

காளேஸ்வரத்துக்குக் கீழே மேடிகட்டா தடுப்பணை இருக்கிறது. 85 மதகு, சுமார் 1.6 கி.மீ. நீளம். அது சேர்ந்த காளேஸ்வரம் நீரேற்றுத் திட்டம் 2019 ஜூன் 21 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அணை முழுக் கொள்ளளவில், அதாவது 100 மீட்டர் மட்டத்தில், 16.17 டிஎம்சி பிடித்து நின்றபோது பின்னோக்கித் தேங்கிய தண்ணீர் காளேஸ்வரம் படித்துறை வரைக்கும் ஏறியிருந்தது. கோடையிலும் கடல் மாதிரி தெரிந்ததற்குக் காரணம் அதுதான். நீங்கள் பார்த்த படங்கள் அந்தக் காலத்தவை.

2023 அக்டோபர் 21 அன்று ஏழாவது பிளாக்கில் தூண்கள் அமிழ்ந்தன. அதன்பின் மேடிகட்டாவிலும், மேலே உள்ள அன்னாரம், சுந்தில்லா அணைகளிலும் தண்ணீரைத் தேக்காமல் மதகுகளைத் திறந்தே வைத்துவிட்டார்கள். ஆகவே ஆறு பழைய இயல்புக்குத் திரும்பிவிட்டது. மழைக்காலத்தில் கரை முட்டும், கோடையில் மணல்வெளி நடுவே ஓடையாக ஒதுங்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். காளேஸ்வரத்தில் கோடைக்காலத் தண்ணீர் பெரும்பாலும் கோதாவரியுடையது அல்ல, பிராணஹிதாவுடையது. கோதாவரியை மேலே ஸ்ரீராம்சாகரிலும் எல்லம்பள்ளியிலும் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். பிராணஹிதா வெறும் 113 கி.மீ. நீளமுள்ள ஆறு. ஆனால் வார்தாவும் வைன்கங்காவும் சேர்ந்து உண்டானது என்பதால், கோதாவரிப் படுகையின் மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அதன் கணக்கில் வருகிறது. விதர்பாவின் மழை முழுக்க அதில்தான் இறங்குகிறது. தண்ணீர் நிலவரம் விசாரிக்கும்போது "கோதாவரியில் தண்ணீர் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "பிராணஹிதா எந்தக் கரையை ஒட்டி ஓடுது?" என்று கேளுங்கள். சிரோஞ்சா பக்கம் ஒதுங்கியிருந்தால் காளேஸ்வரம் கரையிலிருந்து மணல் நடை கூடும்.

ஜூலை வேண்டாம். வைன்கங்காவில் கோசிகுர்த் அணையின் 33 மதகுகளில் பெரும்பகுதியைத் திறந்தால் ஓரிரு நாளில் இங்கே மட்டம் ஏறும். காளேஸ்வரத்தில் ஒரு சொட்டு மழைகூட இருக்காது, ஆனாலும் ஆறு ஏறிக்கொண்டே இருக்கும். 2022 ஜூலை வெள்ளத்தில் பக்கத்தில் உள்ள கன்னேபள்ளி பம்ப் ஹவுஸே மூழ்கியது. அந்த மாதிரி நாளில் படித்துறைக்குத் தடுப்புப் போட்டுவிடுவார்கள். அஸ்தியோடு வந்து கரையில் நிற்கும்படி ஆகிவிடும்.

#3 காஸிப்பேட்டை சந்திப்பு

போக்குவரத்து பற்றி நான் சொல்கிறேன்.

காளேஸ்வரத்துக்கு ரயில் கிடையாது. சென்னை–டெல்லி தடத்தில் வாரங்கல்தான் உங்களுக்கு வசதி. பெரும்பாலான ரயில்கள் நிற்கும், ஊரும் பெரிது, வண்டி சுலபமாகக் கிடைக்கும். வாரங்கல்லில் இருந்து பர்கால், பூபாலபள்ளி, காடாரம், மகாதேவ்பூர் வழியாக ஏறக்குறைய 115 கி.மீ. மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதே தடத்தில் ராமகுண்டமும் மஞ்சிரியாலும் தூரத்தில் இதைவிடக் கிட்டம். ராமகுண்டத்தில் இறங்கினால் மந்தனி, காடாரம் வழி. மஞ்சிரியாலில் இறங்கினால் சென்னூர் போய், பிராணஹிதா பாலம் தாண்டி, சிரோஞ்சா புகுந்து, கோதாவரி பாலம் வழியாகத் திரும்பத் தெலங்கானாவுக்குள் வர வேண்டும். இந்த மூன்றாவது வழியில் இரண்டு ஆறுகளையும் தனித்தனியாகப் பாலத்தின் மேலிருந்து பார்க்கலாம், அழகான பாதை. வாடகை வண்டி என்றால் மட்டும் பெர்மிட் சிக்கல் இருக்கிறது. அதைச் சிரோஞ்சா பக்கம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வாரங்கல் வழியில் எச்சரிக்கை ஒன்றுதான்: லாரிகள். பூபாலபள்ளி சுற்றுவட்டாரம் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கம், செல்பூர் அனல்மின் நிலையம். காடாரத்திலிருந்து மகாதேவ்பூர் வரை மணல் லாரி வரிசை. ஓரத்தில் சிந்திய மணலில் இரு சக்கர வண்டி வழுக்கும். காரில் வந்தாலும் இருட்டுவதற்கு முன் காளேஸ்வரம் சேர்ந்துவிடுவது நல்லது. இருபக்கமும் தேக்குக் காடு, தெருவிளக்கு இருக்காது, பழுதாகி நிற்கும் லாரிக்குப் பின்விளக்கும் இருக்காது. வாரங்கல்லில் காலை 5 மணிக்குக் கிளம்பினால் 8 மணிக்குப் படித்துறை. இதுதான் உங்களுக்குச் சரியான கணக்கு.

பேருந்து: ஹனம்கொண்டா பேருந்து நிலையத்திலிருந்து நேர் வண்டி உண்டு. அது தவறினால் பூபாலபள்ளி வரை ஏறி அங்கே மாறலாம். தெலங்கானாவில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2023 டிசம்பர் 9 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அது தெலங்கானா முகவரி உள்ள அடையாள அட்டைக்கு மட்டும். தமிழ்நாட்டு ஆதார் காட்டினால் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். நடத்துநரிடம் இதற்காகச் சண்டை போடும் நம்மவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

#4 தீர்த்தவாசி

பழைய புத்தகங்களில் "கரீம்நகர் மாவட்டம்" என்று இருக்கும். 2016 அக்டோபரில் மாவட்டங்களைப் பிரித்த பிறகு ஜெயசங்கர் பூபாலபள்ளி மாவட்டம். வரைபடத்தில் தேடும்போது அணையின் பெயரும் பம்ப் ஹவுஸ்களின் பெயரும் முதலில் வந்து நிற்கும். "காளேஸ்வர முக்தேஸ்வர சுவாமி கோவில்" என்று முழுதாகப் போடுங்கள்.

கோவிலில் முறை முக்கியம். கருவறையில் ஒரே ஆவுடையாரில் இரண்டு லிங்கம். ஒன்று காளேஸ்வரர், அது யமன். மற்றது முக்தேஸ்வரர், அவர் சிவன். முதலில் காளேஸ்வரருக்கு வழிபாடு, பிறகுதான் முக்தேஸ்வரருக்கு. முக்தேஸ்வரரைத் தரிசித்தவர்கள் எல்லாரும் நேரே முக்தி அடைந்துவிட, யமனுக்கு வேலையே இல்லாமல் போய் அவன் சிவனிடம் முறையிட்டான் என்றும், தன் பக்கத்திலேயே அவனுக்கு இடம் கொடுத்து அவனை முதலில் தொழச் சொன்னார் என்றும் தலபுராணம். அப்பாவுக்காக வருகிறவர்களுக்கு இந்த வரிசை இன்னும் பொருந்தும்.

முக்தேஸ்வர லிங்கத்தின் உச்சியில் நாசித் துவாரம் போலத் துளைகள் உண்டு. அதில் ஊற்றும் அபிஷேக நீர் வெளியே வழியாது, நிலத்தடி வழியாகச் சங்கமத்தில் போய்ச் சேர்கிறது என்பது நம்பிக்கை. குடம் குடமாகப் பால் ஊற்றியபோது சங்கமத்தில் பால் வந்தது என்றும் கதை சொல்வார்கள். அதை நினைத்துக்கொண்டு பத்து லிட்டர் பால் வாங்கி வராதீர்கள். ஒரு செம்பு ஆற்று நீரே போதும், அதுதான் இங்கே விசேஷமும். படித்துறையில் குளித்துவிட்டு அங்கேயே செம்பில் மொண்டு, கோவிலுக்குக் கொண்டு வந்து கொடுங்கள். படித்துறையிலிருந்து கோவில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். மூடி இல்லாத செம்பு என்றால் வந்து சேர்வதற்குள் பாதி சிந்திவிடும். திருகு மூடி போட்ட பித்தளைச் செம்போ தூக்கோ எடுத்து வாருங்கள்.

அம்பாள் சுபானந்தா தேவி. சரஸ்வதிக்குத் தனிச் சன்னதி இருக்கிறது. கோதாவரி, பிராணஹிதாவோடு மூன்றாவதாக சரஸ்வதி அந்தர்வாகினியாக (கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தடியில்) ஓடுவதாகச் சொல்வதால்தான் திரிவேணி சங்கமம். ஸ்ரீசைலம், திராட்சாராமம், காளேஸ்வரம் மூன்றும் சேர்ந்து திரிலிங்கத் தலங்கள். கோவிலுக்கு 1982க்குப் பிறகு, 42 ஆண்டு இடைவெளியில், 2025 பிப்ரவரியில் மகா கும்பாபிஷேகம் நடந்தது.

#5 வேம்பங்கரை

மிக்க நன்றி. காளசர்ப்ப தோஷ பூஜையும் இங்கே செய்கிறார்களாமே? அதையும் அதே நாளில் வைத்துக்கொள்ளலாமா?

#6 தீர்த்தவாசி

செய்கிறார்கள், தேவஸ்தான கவுன்ட்டரில் டிக்கெட். அதே நாளில் வைக்காதீர்கள். அஸ்தி கரைப்பதும் பித்ரு காரியமும் முடிய நண்பகல் ஆகிவிடும், பிறகு நடை சாத்தும் நேரம் வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே காலையில் திணித்தால் எதுவும் நிறைவாக இருக்காது. முந்தின நாள் மாலையே வந்து தங்க முடிந்தால் தங்குங்கள். தேவஸ்தான சத்திரமும் சுற்றுலாத்துறையின் ஹரிதா விடுதியும் இருக்கின்றன, அறைகள் குறைவு. சிவராத்திரி, கார்த்திகை மாதத் திங்கட்கிழமை, புஷ்கரம் தவிர்த்த நாட்களில் கிடைத்துவிடும். கையில் ரொக்கம் இருக்கட்டும்.

#7 எள்ளும் தர்ப்பையும்

பித்ரு காரியம் பற்றி விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் இங்கே வந்து தடுமாறுவது இதில்தான்.

முதல் கேள்வி: வருஷாப்திகம் (முதல் வருஷத் திதி) முடிந்துவிட்டதா? முடியவில்லை என்றால் பல குடும்பங்களில் தீர்த்த சிராத்தம் செய்யும் வழக்கம் இல்லை. அஸ்தி கரைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். உங்கள் வீட்டு வாத்தியாரிடம் கேட்டு முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். படித்துறையில் வந்து நின்றபின் அங்கே உள்ள புரோகிதரிடம் இதைக் கேட்டால், அவர் தம் ஊர் வழக்கத்தைத்தான் சொல்வார். அது தவறில்லை, உங்கள் குடும்ப வழக்கமாக இருக்காது, அவ்வளவுதான்.

இரண்டாவது: பெயர்ப் பட்டியல். ஒரு தாளில் கோத்திரம், சூத்திரம், பெயர்கள். தந்தை வழியில் மூன்று தலைமுறை, தாய்வழிப் பாட்டனார் வழியில் மூன்று தலைமுறை, அவரவர் பத்தினிகள் என்று பன்னிரண்டு. உங்கள் அம்மா இருப்பதால் மாத்ரு வர்க்கத்தில் (தாய் வரிசையில்) அவர் பெயர் வராது. அப்பாவின் அம்மா, அவருடைய மாமியார், அதற்கும் மேலே ஒருவர் என்று மூன்று பெயர் வேண்டும். அந்த மூன்றாவது பெயர் பெரும்பாலும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஊரில் உள்ள பெரியவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பட்டியலைத் தமிழில் மட்டும் எழுதாமல் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ பக்கத்தில் எழுதிவிடுங்கள். புரோகிதர் தமிழ் படிக்க மாட்டார், நீங்கள் சொல்லச் சொல்லக் கேட்டு உச்சரிப்பார், மந்திரத்தின் நடுவே நிறுத்தி நிறுத்தித் திருத்த வேண்டி வரும். இவர்களுக்குப் பிறகு காருணிக பித்ருக்கள்: சித்தப்பா, அத்தை, மாமா, பிள்ளையில்லாமல் போனவர்கள், நண்பர்கள். அவர்களுக்குத் தனி வரிசை.

மூன்றாவது: தீர்த்த சிராத்தம் வீட்டுச் சிராத்தம் அல்ல. அர்க்கியம், ஆவாஹனம், அங்குஷ்ட நிவேசனம், திருப்திப் பிரச்னம், விகிரம் இவை ஐந்தும் தீர்த்தத்தில் கிடையாது என்பது சாஸ்திரம். ஆகவே சீக்கிரம் முடிந்தால் "சுருக்கிவிட்டார்" என்று புரோகிதரைச் சந்தேகப்பட வேண்டாம். பெயர்களைத் தாண்டிப் போகிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள்.

பொருட்கள்: கருப்பு எள் 100 கிராம், பச்சரிசி அரை கிலோ, தர்ப்பை ஒரு கட்டு, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு தாம்பாளம், ஒரு செம்பு, உடுத்துவதற்கு இரண்டு வேட்டி. ஒன்று நனைவதற்கு, ஒன்று மாற்றிக்கொள்ள. படித்துறையில் எல்லாம் கிடைக்கும். எள்ளும் தர்ப்பையும் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவருவது என் அபிப்பிராயம், அங்கே விற்கும் எள்ளில் மண் கலந்திருக்கும். பவித்திரம் மூன்று புல்லில், தர்ப்பணத்துக்குப் போதும். தட்சிணை பேசும்போது "பொருட்கள் சேர்த்தா, தனியா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். பாதியில் பேரம் பேசுவது அப்பாவின் காரியத்துக்கு அழகல்ல.

#8 மணல்திட்டு

குளிக்கும் இடம் பற்றி யாரும் சொல்லவில்லை. இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது.

இங்கே ஆற்றுப்படுகை பாறை அல்ல, மணல். ஓட்டம் மணல் திட்டின் அடிப்பகுதியை அரித்துக்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர், தெளிவாக அடி தெரியும். இரண்டு எட்டு வைத்தால் திட்டு செங்குத்தாக முடிந்து, அடுத்த காலடியில் ஆளை முழுக்கும் ஆழம். அந்த விளிம்பில் நின்றால் காலுக்கடியில் உள்ள மணல் சரியும், பின்னால் வர முயன்றால் இன்னும் சரியும். நீச்சல் தெரிந்தவர்களும் இதில் மாட்டுவது அதனால்தான். பற்றிக்கொள்ளக் கல்லோ வேரோ எதுவும் இல்லை. இது தவிர, மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் திட்டுகள் இடம் மாறும், போன வருஷம் குளித்த இடம் என்பது இந்த வருஷம் செல்லாது.

செய்ய வேண்டியது: ஆறடிக் கம்பு ஒன்று கையில் வைத்துக்கொண்டு, கால் வைப்பதற்கு முன் கம்பை ஊன்றிப் பாருங்கள். இடுப்புக்கு மேல் போகவே வேண்டாம். மூழ்கி எழ முடியாவிட்டால் உட்கார்ந்து செம்பால் தலைக்கு ஊற்றிக்கொண்டாலும் ஸ்நானம் ஸ்நானம்தான். உங்கள் அம்மாவுக்கு அதுவே போதும். ஓட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். குழந்தைகளைக் கரையில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவதும் கூடாது.

மணல் நடை பற்றி: மார்ச்சிலிருந்து காலை பத்து மணிக்கு மேல் மணல் கொதிக்கும். இந்தப் பக்கம் மே மாதத்தில் 45 டிகிரி சாதாரணம். பக்தியில் செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். போகும்போது ஏழு மணி, ஒன்றும் தெரியாது. காரியம் முடிந்து பதினொரு மணிக்குத் திரும்பும்போது உள்ளங்கால் கொப்பளித்துவிடும். தண்ணீர் விளிம்பு வரை செருப்போடு போய் அங்கே கழற்றுங்கள்.

#9 ஹனம்கொண்டா தமிழன்

> பிப்ரவரி அல்லது ஜூலை

பிப்ரவரி பரவாயில்லை, ஆனால் நவம்பர் கடைசி முதல் ஜனவரி வரைதான் உத்தமம் என்பேன். வெள்ளம் வடிந்து கலங்கல் தெளிந்திருக்கும், ஓட்டமும் கரையை விட்டு ரொம்ப விலகியிருக்காது. பிப்ரவரியில் போனால் சிவராத்திரியைத் தவிர்த்துவிடுங்கள்.

#10 நீர்மட்டம்

நவம்பர் என்றால் தெலுங்குக் கார்த்திகை மாதக் கூட்டத்தில் மாட்டுவார்களே? டிசம்பர் முதல் ஜனவரி பொங்கல் வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

#11 பஞ்சாங்கம் பார்

இங்கே நம்மவர்களுக்கு நாள் குழம்பும். நம் கார்த்திகை சூரியன் விருச்சிகத்துக்குப் போகும்போது, நவம்பர் நடுவில் பிறக்கிறது. தெலுங்கில் சாந்திரமான கணக்கு, அதாவது சந்திரனை வைத்து மாதம்; தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே கார்த்திகை தொடங்கி அடுத்த அமாவாசையோடு முடிந்துவிடும். அதனால் நம் கார்த்திகை சோமவாரத்தை நம்பிப் பின்பாதியில் வந்தால் கோவில் காலியாக இருக்கும். தீபாவளி முடிந்த முதல் திங்களிலேயே இங்கே நிற்க இடம் இருக்காது. கூட்டம் வேண்டாதவர்கள் தெலுங்குக் கார்த்திகை முடிந்த மறுநாளிலிருந்து கணக்குப் போடுங்கள்.

புஷ்கரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்தது அதுதான். குரு எந்த ராசியில் நுழைகிறாரோ அந்த ராசிக்குரிய ஆற்றில் முதல் 12 நாள். நம் ஊரில் 2017ல் காவிரிக்கும் 2018ல் தாமிரபரணிக்கும் நடந்ததும் இதே கணக்குதான். காளேஸ்வரத்துக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு: இங்கே மூன்று ஆறுகளுக்கும் புஷ்கரம் வரும். சிம்மத்தில் கோதாவரி (2015 ஜூலை 14–25), மீனத்தில் பிராணஹிதா (2022 ஏப்ரல் 13–24), மிதுனத்தில் சரஸ்வதி (2025 மே 15–26). சரஸ்வதி புஷ்கரத்தை ஒட்டித்தான் படித்துறையில் 17 அடி சரஸ்வதி சிலை வைத்தார்கள்.

அடுத்த கோதாவரி புஷ்கரம் 2027ல். குரு 2026 அக்டோபர் கடைசியில் ஒருமுறை சிம்மத்தைத் தொட்டு, வக்கிரமாகிக் கடகத்துக்குத் திரும்பி, திருக்கணிதப்படி 2027 ஜூன் 26 அன்று மறுபடி சிம்மம் போகிறார். நம் ஊர் வாக்கியப் பஞ்சாங்கத்தின் குருப்பெயர்ச்சித் தேதி இதிலிருந்து மாறும். தமிழ்ப் பத்திரிகையில் வரும் தேதியைப் பார்த்து ரயில் முன்பதிவு செய்யாதீர்கள். தெலங்கானா அரசின் அறநிலையத்துறை என்ன அறிவிக்கிறதோ அதுதான் அங்கே நடக்கும்.

#12 நீர்மட்டம்

ஜூன் 26 என்றால் பருவமழை தொடங்கிய புதிது, முதல் செந்நீர் வரும் நேரம். பெரு வெள்ளத்துக்கு வாய்ப்பு ஜூலையைவிடக் குறைவு. 2015ல் மழை பொய்த்த வருஷம், தெலங்கானாவின் பாசர், தர்மபுரி பக்கமெல்லாம் கோதாவரியில் தண்ணீருக்குத் திண்டாட்டம். காளேஸ்வரத்தில் பிராணஹிதா கைகொடுத்தது. கூட்டம்தான் சிக்கல். பெரும்பாலானவர்கள் ஒரே சாலையில் வந்து அதே சாலையில் திரும்பும் ஊர் இது. புஷ்கரத்துக்கு வருகிறவர்கள் சனி, ஞாயிறை விட்டு நடுவாரத்தில் வாருங்கள். பன்னிரண்டு நாளில் எந்த நாளும் ஒரே பலன்தான்.

#13 சிரோஞ்சா சாலை

அக்கரை பற்றி.

கோதாவரி மேல் பாலம் 2016 டிசம்பரிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. அதற்கு முன் படகும், கோடையில் மணல் பாதையும்தான். இப்போது காளேஸ்வரத்திலிருந்து கால் மணி நேரத்தில் சிரோஞ்சா, மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம். சங்கமத்தின் முழு அமைப்பும் பாலத்தின் மேலிருந்துதான் விளங்கும். மேற்கிலிருந்து கோதாவரி, வடக்கிலிருந்து பிராணஹிதா. மழை முடிந்த மாதங்களில் இரண்டு தண்ணீரும் நிறம் வேறாகக் கொஞ்ச தூரம் பக்கம் பக்கமாக ஓடும். நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், கனரக வாகனங்கள் வேகமாக வரும். கரையிலேயே ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பாருங்கள்.

வாடகை வண்டி: தெலங்கானா டாக்சிக்கு மகாராஷ்டிர வரியும் பெர்மிட்டும் கட்டாமல் பாலம் தாண்டினால் அபராதம். "பக்கம்தானே, ஒண்ணும் ஆகாது" என்று ஓட்டுநர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், பிடித்தால் உங்கள் அரை நாள் போய்விடும். வாரங்கல்லில் வண்டி பேசும்போதே "சிரோஞ்சா சேர்த்து" என்று சொல்லி, கட்டிய ரசீதைப் பாருங்கள். சொந்தக் கார் என்றால் இந்தத் தொல்லை இல்லை. முக்கியமாக, கட்சிரோலி 1993லிருந்து மதுவிலக்கு மாவட்டம். வண்டியில் பாட்டில் இருந்தால் அது குற்றம். புண்ணியத்தலத்துக்கு வரும் வண்டியில் அது இருக்கவே கூடாது, ஆனாலும் ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிரோஞ்சாவில் பாதிப் பேர் தெலுங்கு பேசுவார்கள், மராத்தி தெரியாதே என்று தயங்க வேண்டாம். கொஞ்சம் தள்ளி கோதாவரியில் இந்திராவதி கலக்கும் சோம்னூர் சங்கமம் இருக்கிறது, அக்கரை சத்தீஸ்கர். மழைக்காலத்தில் வேண்டாம். தொல்லுயிர் ஆர்வம் உள்ளவர்களுக்கு: இந்தியாவின் புகழ்பெற்ற டைனோசர் பாராபாசாரஸின் எலும்புகள் சிரோஞ்சா வட்டாரத்துப் போச்சம்பள்ளியில்தான் கிடைத்தன. அது இப்போது கொல்கத்தாவில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நிற்கிறது. சிரோஞ்சா பக்கத்தில் வடதம் என்ற இடத்தில் புதைபடிவப் பூங்காவும் உண்டு.

#14 ஹனம்கொண்டா தமிழன்

திரும்பும் வழியில் நேரம் இருந்தால் ராமப்பா கோவில். 1213ல் கட்டிய காகதீயர் கோவில், 2021ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பூபாலபள்ளியிலிருந்து முளுகு பக்கம் திரும்ப வேண்டும். காளேஸ்வரம் முடித்து மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால் நாலு மணிக்குள் ராமப்பா, இரவு ரயிலுக்கு வாரங்கல்.

#15 வேம்பங்கரை

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. அப்பாவின் வருஷாப்திகம் நவம்பரில் முடிகிறது. டிசம்பர் இரண்டாம் வாரத்துக்கு விடுமுறை கேட்கிறேன். இன்னும் மூன்று கேள்விகள்: அஸ்தியை ரயிலில் எப்படி எடுத்து வருவது? கரையிலேயே விடலாமா, படகில்தான் போக வேண்டுமா? அம்மா எதுவரை வர முடியும்?

#16 எள்ளும் தர்ப்பையும்

அஸ்தியை மண்கலசத்தில் வைத்து வாயைத் துணியால் கட்டி, அதை ஒரு துணிப்பைக்குள் வைத்துக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இருக்கைக்கு அடியில் தள்ளாமல், மேல் தட்டில் ஒரு பக்கமாகச் சாய்வில்லாமல் வையுங்கள். மண்கலசம் வழியில் விரிசல் விடும், அதனால் கலசத்தைச் சுற்றி இன்னொரு துண்டு. தகனச் சான்றிதழின் நகல் பையில் இருக்கட்டும். ரயிலில் யாரும் கேட்க மாட்டார்கள், விமானத்தில் வந்தால் கேட்பார்கள்.

கரைக்கும்போது துணியை அவிழ்த்து, பிளாஸ்டிக் உறை ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டு, எலும்பையும் சாம்பலையும் மட்டும் தண்ணீரில் விடுங்கள். துணியோடு முடிந்து வீசினால் அது மிதந்து போய்த் திட்டில் சிக்கிக்கொள்ளும். மாலை, பூவிலிருந்து நாரையும் நூலையும் உருவிவிட்டுப் பூவை மட்டும் போடுங்கள். கரைத்து முடித்த கையோடு ஸ்நானம், பிறகு தர்ப்பணம், அதன்பின் கோவில்.

#17 மணல்திட்டு

இடம் பற்றி: அஸ்திக்கு ஓட்டம் வேண்டும். முட்டளவு தேங்கிய தண்ணீரில் விட்டால் அங்கேயே மணலில் படிந்து, மட்டம் இறங்கியதும் கரையில் கிடக்கும். டிசம்பரில் படகு ஓடும் அளவுக்கு ஆழம் இருந்தால் படகில் போய் இரண்டு நிறமும் சேரும் கோட்டில் விடுங்கள். பரிசல்காரரிடம் "போக, வர, அங்கே நிற்க" என்று சேர்த்துக் கூலி பேசிவிடுங்கள். மிதவைச் சட்டை இல்லாத படகில் ஏறாதீர்கள், நான்கு பேரும் ஒரே பக்கம் குனியாதீர்கள். கலசத்தை விடுகிறவர் உட்கார்ந்தபடியே, கீழோட்டப் பக்கம் கையை நீட்டி விட வேண்டும். மேலோட்டப் பக்கம் விட்டால் சாம்பல் படகிலேயே வந்து ஒட்டும். காற்றின் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவைப் படகில் ஏற்ற வேண்டாம், ஏறி இறங்கும் இடத்தில் மணல் வழுக்கும், முழங்கால் தாங்காது.

சிமெண்ட் படித்துறை வரை ஆட்டோ வரும். அங்கிருந்து படிகள். கடைசிப் படிக்கும் தண்ணீருக்கும் இடையில் எவ்வளவு மணல் என்பது அன்றைக்குத்தான் தெரியும். மடக்கு நாற்காலி ஒன்று வண்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். சக்கர நாற்காலி மணலில் புதையும், அதை நம்பாதீர்கள். தண்ணீர் தள்ளி இருந்தால் அம்மாவைப் படித்துறை நிழலில் உட்கார வைத்து, ஒரு வாளி சங்கமத் தண்ணீர் கொண்டு வந்து தலையில் ஊற்றிவிடுங்கள். சங்கல்பத்தை அங்கேயே உட்கார்ந்து அம்மாவும் சொல்லலாம், புரோகிதரிடம் முன்கூட்டிச் சொன்னால் அவர் மேலே வந்து செய்து வைப்பார்.

#18 காஸிப்பேட்டை சந்திப்பு

டிசம்பரில் அதிகாலைப் பனிமூட்டம் உண்டு, குறிப்பாகக் காடாரம் தாண்டிக் காட்டுப் பகுதியில். ஐந்து மணிக்குப் பதில் ஆறரைக்குக் கிளம்புங்கள். படித்துறைக்கு ஒன்பதரை ஆகும், டிசம்பர் வெயிலுக்கு அது ஒன்றும் தாமதமில்லை. காலைச் சிற்றுண்டியை பூபாலபள்ளியிலேயே முடித்துவிடுங்கள். காரியம் செய்கிறவர் மட்டும் சாப்பிடாமல் வருவார், அவருக்குத் திரும்பும்போது சாப்பிட ஏதாவது கட்டிக்கொள்ளுங்கள். பெட்ரோலும் பூபாலபள்ளியிலேயே நிரப்பிவிடுவது நல்லது.